பாதுகாப்பு சார்ந்த மழை

மழை அளவுத் துறையின் மொட்டை மாடியில் இருந்த மழைமானியின் அடியில் ஓட்டை விழுந்தது.

இதைச் சின்ன விஷயம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. மற்ற துறைகளில் எதில் ஓட்டை விழுந்தாலும் வேலை அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கும். மழை அளவுத் துறைக்கு இருந்ததோ ஒரே வேலை. மாடியில் நிற்கும் பித்தளைக் குழாயில் எவ்வளவு தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று தினமும் காலையில் பார்த்து, அதை ஊருக்குச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்காக ஒரு இயக்குநர், அவருக்குக் கீழே துணை இயக்குநர், அவருக்குக் கீழே பல அறைகள், அறைகளுக்குள் மேசைகள், மேசைகளுக்குப் பின்னால் ஆட்கள் என்று ஒரு கட்டடமே நின்றது.

ஓட்டை விழுந்த பிறகும் துறை தன் கடமையில் தவறவில்லை. அளவர் என்று ஒருவர் இருந்தார். வழக்கம்போல மாடியேறிக் குழாயைப் பார்ப்பார். உள்ளே தண்ணீர் இருக்காது. தலையிலிருந்து சொட்டும் தண்ணீரைத் துடைத்துக்கொண்டு "மழை இல்லை" என்று எழுதிக் கொடுப்பார். அந்தப் பருவம் முழுவதும் இப்படியே போனதால் ஊர் வறட்சிப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. வறட்சி நிவாரணம் வாங்க ஜனங்கள் குடை பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். நிவாரணம் நல்ல தரமாக இருந்ததால் யாரும் மழையைப் பற்றிப் பேசவில்லை.

ஆனாலும் புது மழைமானி வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்குவது கொள்முதல் கண்காணிப்பாளர் அம்மாவின் பொறுப்பு. அவருக்கு அலுவலகத்தில் 'மூணு கொட்டேஷன்' என்று பெயர். எந்தச் சாமானை வாங்கினாலும் மூன்று கடைகளில் எழுத்து மூலமாக விலை கேட்டு, குறைத்துச் சொன்னவரிடம்தான் வாங்க வேண்டும் என்பது விதி. மற்ற அலுவலகங்களில் ஒரே கடைக்காரர் மூன்று பெயரில் மூன்று கொட்டேஷன் எழுதித் தந்துவிடுவார். கையெழுத்தை மாற்றிப் போடக்கூட மெனக்கெட மாட்டார். இந்த அம்மாவிடம் அது நடக்காது. மூன்று கடைக்கும் நேரிலேயே போய், மூன்று முதலாளிகளும் மூன்று வெவ்வேறு மனிதர்கள்தானா என்று பார்த்துவிட்டு வருவார். கல்யாணத்துக்கும் மூன்று வரன் பார்த்துத்தான் சம்மதித்தார் என்று அலுவலகத்தில் ஒரு பேச்சு உண்டு. பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்த அவர் கணவர் அதை மறுக்க மாட்டார். "மூணு பேர்ல நான்தான் மலிவு" என்பார்.

சிக்கல் என்னவென்றால், மழைமானி செய்பவர்கள் நாட்டிலேயே இரண்டு பேர்தான் இருந்தார்கள். மூன்றாவது கொட்டேஷனுக்கு எங்கே போவது? இரண்டை வைத்து வாங்கலாமா என்று அம்மா மேலிடத்தைக் கேட்டார். மேலிடம் ஆழ்ந்து பரிசீலித்து, மூன்றாவதாக ஒருவர் அந்தத் தொழிலைத் தொடங்கும் வரை காத்திருக்குமாறு பதில் அனுப்பியது. அம்மா காத்திருந்தார். அடுத்த பருவமும் நெருங்கியது.

அப்போதுதான் கொள்முதல் விதிகள் மாறின.

மாறியதற்கு நல்ல காரணம் இருந்தது. நாட்டின் பாதுகாப்பு கொட்டேஷனுக்காகக் காத்துக்கொண்டிருக்க முடியாது என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றியிருக்கிறது. ஆகவே, பாதுகாப்பு சார்ந்த ஒப்பந்தங்களுக்கு இனி மூன்று கொட்டேஷன் தேவையில்லை, ஒன்றுகூடத் தேவையில்லை. தணிக்கைக்காரர்கள் கேள்வி கேட்கக் கூடாது. என்ன வாங்கப்பட்டது, யாரிடம், எதற்காக என்பதை யாருக்கும் சொல்லக் கூடாது. எது பாதுகாப்பு சார்ந்தது என்பதை மட்டும் விதி சொல்லவில்லை. அதைச் சொன்னால் எதிரிக்குத் தெரிந்துவிடும் என்பதால், அந்தந்த அலுவலகமே முடிவு செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இயக்குநர் இந்தச் சுற்றறிக்கையை எழுந்து நின்று படித்தார். புதிதாக எது வந்தாலும் அதில் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்பது அவர் கொள்கை. முன்பு ஒரு காலத்தில் நாற்காலி இல்லாமல் நின்றுகொண்டே வேலை செய்வது நாகரிகம் என்று எங்கோ படித்துவிட்டு, துறை முழுவதையும் நிற்க வைத்தவர். அவருடைய முதுகு அதிலிருந்து மீளவே இல்லை.

ஆகவே பாதுகாப்பு சார்ந்த முதல் கொள்முதல் அவருடைய முதுகுக்கு ஒரு மெத்தையாக அமைந்தது. காரணம் முறையாகவே எழுதப்பட்டது: முதுகு வலிக்கும் அதிகாரியின் கவனம் சிதறும், கவனம் சிதறினால் ஆபத்து, எனவே மெத்தை, பாதுகாப்பு. அடுத்ததாகத் திரைச்சீலைகள் வந்தன. அதற்கடுத்து மீன்தொட்டி. மீன்தொட்டிக்கு என்ன காரணம் எழுதப்போகிறார்கள் என்று அலுவலகமே ஆவலோடு காத்திருந்தது. மீன்களுக்கு இமை கிடையாது, எனவே அவை கண்மூடாமல் கண்காணிக்கும் என்று துணை இயக்குநர் எழுதினார். அந்த வாசகத்துக்காக அவருக்குப் பாராட்டு கிடைத்தது. மற்ற அலுவலகங்களும் மீன்தொட்டி வாங்கத் தொடங்கி, ஊரில் வண்ண மீனுக்குத் தட்டுப்பாடு வந்தது.

கண்காணிப்பாளர் அம்மா மட்டும் எதிலும் கையெழுத்துப் போட மறுத்தார். மெத்தை விற்பவர்கள் ஊரில் எத்தனையோ பேர் இருக்கும்போது மூன்று பேரிடம் விலை கேட்பதில் நாட்டுக்கு என்ன ஆபத்து என்று கேட்டார். இயக்குநர் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, பொறுமையாகப் பேசினார். நேர்மை நல்லதுதான் என்றும், ஆனால் அது கொஞ்சம் பழைய மோஸ்தர் ஆகிவிட்டது என்றும் சொன்னார். அம்மா எழுந்து வந்துவிட்டார். கையெழுத்துகளைத் துணை இயக்குநரே போட்டுக்கொண்டார்.

ஆனால் மேகம் கறுக்கத் தொடங்கியதும் அம்மாவுக்குத் தங்கையின் ஞாபகம் வந்தது. அவள் வாய்க்கால் தெருவில் குடியிருந்தாள். ஊரிலேயே தாழ்ந்த தெரு அது. மழைமானிக் குழாயில் ஒரு சிவப்புக் கோடு உண்டு; தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் வாய்க்கால் தெருவுக்கு ஆபத்து. தொட்டவுடன் நகராட்சிக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் கரையில் மணல் மூட்டை அடுக்குவார்கள். இதுதான் பழைய ஏற்பாடு. குழாயில் ஓட்டை இருந்தால் சிவப்புக் கோட்டை எது தொடும்? போன பருவம் மழை பிசுபிசுத்ததால் தெரு தப்பித்தது. இந்தப் பருவம் அப்படிப் போகும் என்று தோன்றவில்லை.

ஒரு நாள் முழுக்க யோசித்தார். கடைசியில், வேலை பார்த்த காலத்தில் முதல் முறையாக, கொட்டேஷன் இல்லாத ஒரு கொள்முதலில் கையெழுத்துப் போட்டார். பொருள்: மழைமானி. வகை: பாதுகாப்பு சார்ந்தது. காரணம் என்ற இடத்தில் "மழை" என்று மட்டும் எழுதினார்.

மறுநாளே மழைமானி வந்துவிட்டது. கறுப்புத் துணி சுற்றி, முத்திரை வைத்து, இரண்டு காவலர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். அளவர் அதை மாடியில் நிறுத்தினார். அன்றைக்கே நல்ல மழை பிடித்தது. குழாயில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்து அளவர் குழந்தை மாதிரி சிரித்தார். எத்தனை காலம் கழித்து உண்மையை எழுதப்போகிறார். எழுதிக்கொண்டு அவர் கீழே இறங்கி வந்தபோது, படிக்கட்டின் அடியில் துணை இயக்குநர் நின்றுகொண்டிருந்தார்.

விதியின் பின்பகுதியை அதுவரை யாரும் படித்திருக்கவில்லை. மீன்தொட்டிக்குக் காரணம் கண்டுபிடித்தவர் என்பதால் துணை இயக்குநர் அதையும் படித்திருந்தார். பாதுகாப்பு சார்ந்து வாங்கப்பட்ட பொருள் மட்டுமல்ல, அந்தப் பொருளிலிருந்து கிடைக்கும் பயனும் ரகசியம். மழைமானியிலிருந்து கிடைக்கும் பயன் என்ன? மழை எவ்வளவு என்பது. ஆகவே இனி மழை ரகசியம்.

அளவர் ஏற்கெனவே பார்த்துவிட்டாரே என்றார்கள். அவர் மறந்துவிட வேண்டும் என்று முடிவானது. மறந்துவிட்டதாக எழுதிக் கொடுத்தார். இனி குழாயைப் பார்க்கும் உரிமை, அதை வாங்கக் கையெழுத்துப் போட்டவருக்கு மட்டுமே என்று விதி சொன்னது. கண்காணிப்பாளர் அம்மா தினமும் மாடியேறினார். அளவர் கூடவே ஏறி, குழாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். பழகிய வேலையை விட அவருக்கு மனசு வரவில்லை.

வழக்கம்போலப் பத்திரிகைகளிலிருந்து போன் வந்தது. நேற்று ஊரில் எவ்வளவு மழை என்று கேட்டார்கள். மழை பெய்ததை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ இயலாது என்று துணை இயக்குநர் பதில் சொன்னார். நிருபர் தன் சட்டையைப் பிழிந்துகொண்டே அதை எழுதிக்கொண்டார். வானொலியில் வானிலை நேரத்தில் வெறும் வாத்திய இசை போட்டார்கள். அதுவும் சோகமா குதூகலமா என்று கண்டுபிடிக்க முடியாத இசை.

இதற்குள் இன்னொரு சிக்கலையும் துணை இயக்குநர் கண்டுபிடித்தார். மழை அளவுத் துறை ஊழியர் ஒருவர் குடையோடு வீதியில் போனால், அதைப் பார்ப்பவர்களுக்கு என்ன தெரிந்துவிடும்? ஆகவே துறை ஊழியர்கள் குடை எடுத்துவரத் தடை போடப்பட்டது. தொப்பலாக நனைந்துகொண்டு வருபவர்களை யாராவது வழியில் விசாரித்தால், "குளித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்ல வேண்டும் என்று பயிற்சியும் தந்தார்கள். சட்டையோடா குளித்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஒரு குமாஸ்தா சந்தேகம் கேட்டார். அது தனிமனித சுதந்திரம் என்று சொல்லிவிடும்படி அவருக்கு அறிவுறுத்தப்பட்டது.

ஊர் இதைப் பார்த்துச் சிரித்தது என்றால் அது பொய். ஊருக்கு இது ரொம்பப் பிடித்துவிட்டது. பெரிய அலுவலகங்கள் எதையும் சொல்வதில்லை என்றால், எதையும் சொல்லாதவர்கள் எல்லாம் பெரியவர்கள்தானே. சட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்ட வாடிக்கையாளரிடம், அது பாதுகாப்பு சார்ந்த விஷயம் என்றார் தையல்காரர். என்ன சமைத்திருக்கிறாய் என்று கேட்ட கணவன்மார்களுக்கு, சாப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்று பதில் வந்தது. சாப்பிட்டும் சிலருக்குத் தெரியவில்லை. கல்யாணச் சந்தையில் டாக்டர், என்ஜினியர் மாப்பிள்ளைகளின் மவுசு குறைந்து, வேலை என்னவென்று சொல்லக் கூடாத மாப்பிள்ளைகளுக்கு ஏறியது. வேலையே இல்லாத பலருக்கு அந்தப் பருவத்தில் நல்ல இடத்தில் பெண் அமைந்தது. கண்காணிப்பாளர் அம்மாவின் கணவர்கூட ஒரு நீளமான பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்து, என்னது என்று கேட்டதற்கு "பாதுகாப்பு" என்று சொல்லிவிட்டு அதைப் பரண்மேல் போட்டார். அது தூண்டில் என்று அம்மாவுக்குத் தெரியும். கேட்காமல் விட்டுவிட்டார்.

பிறகு மழை விடாமல் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் காலையில் அம்மா மாடியேறியபோது தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறிக்கொண்டும் இருந்தது. அளவர் முதுகைக் காட்டியபடியே, "ரொம்பவா?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. அளவர் தலையை ஆட்டிக்கொண்டார்.

அம்மா கீழே வந்து இயக்குநருக்குப் போன் போட்டார். இயக்குநர் அப்போது வெளிநாட்டில், பாதுகாப்பு சார்ந்த கொள்முதலில் வெளிப்படைத்தன்மை என்ற கருத்தரங்கில் இருந்தார். போனில் மழையைப் பற்றிப் பேச வேண்டாம் என்று முதலிலேயே எச்சரித்தார். அம்மா பேசவில்லை. ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிற சத்தம் மட்டும் அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

"அங்கே என்ன சத்தம்?" என்றார் இயக்குநர்.

"சொல்லக் கூடாது சார்."

"நல்லது" என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார்.

அடுத்து நகராட்சிப் பொறியாளரே கூப்பிட்டார். பாவம், நல்ல மனிதர். மணல் மூட்டை அடுக்க வேண்டுமா வேண்டாமா என்பது மட்டும் தெரிந்தால் போதும் என்றார்.

"சொல்ல முடியாது சார்" என்றார் அம்மா.

"சொல்ல முடியாதுன்னா அடுக்கணும்னு எடுத்துக்கலாமா?"

"அதையும் சொல்ல முடியாது."

சொன்னாலும் பெரிதாகப் பயனில்லை என்று பொறியாளர் தணிந்த குரலில் ஒப்புக்கொண்டார். நகராட்சியும் மணல் மூட்டைகளைப் பாதுகாப்பு சார்ந்துதான் வாங்கியிருந்தது. அவை எந்தக் கிடங்கில் இருக்கின்றன என்பது அவருக்கே தெரியாது.

அம்மா போனை வைத்தார். மேசையைப் பூட்டினார். நனைந்துகொண்டே வாய்க்கால் தெருவுக்கு நடந்தார். வழியில் இரண்டு பேர் விசாரித்தார்கள். குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவைத்தார்.

தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. கீழே ரொட்டிக் கடையும் வீடும், மாடியில் ஒற்றை அறை. தங்கையின் கணவர் ரொட்டி போடுகிறவர். அடுப்புக்கு முன்னால் நின்று மாவு பிசைந்துகொண்டிருந்தார். அக்கா ஈரம் சொட்ட வாசலில் வந்து நின்றதும், தங்கை துண்டை எடுத்துவந்து தலையைத் துவட்டிவிட்டாள்.

துறை சொல்லித்தந்த அந்த ஒன்றைத் தவிர அம்மாவுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. உண்மையைச் சொல்ல அனுமதியில்லை. இரண்டுக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டு, "கட்டிலை மாடிக்கு ஏத்து" என்றார்.

"ஏன் அக்கா?"

"ஏத்துன்னா ஏத்து."

தங்கை அக்காவின் முகத்தையே பார்த்தாள். அவளுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "அத்தானோட சண்டையா? இங்கேயே வந்து இருக்கப்போறியா?"

இல்லை என்றார் அம்மா. இல்லை என்று சொன்ன விதத்திலேயே அது உறுதியாகிவிட்டது தங்கைக்கு. அத்தான் பரண்மேல் எதையோ ஒளித்துவைத்திருக்கிறார் என்று அக்கா போன வாரம் சொன்னதும் ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு, அவர் வந்து காலில் விழட்டும் என்றாள். ரொட்டிக்காரரும் மாவுக் கையோடு வந்து, அண்ணி எதற்கும் கலங்க வேண்டாம், நான் போய் அவரிடம் பேசுகிறேன் என்று ஆறுதல் சொன்னார்.

இரண்டு பேரின் அன்பும் இப்படி இடைமறிக்க, வாசல்படியில் வாய்க்கால் தண்ணீர் நாக்கை நீட்ட ஆரம்பித்தது. அம்மா பார்த்தார். இதற்கு மேல் பேசிப் பயனில்லை. மூலையில் இருந்த மாவு மூட்டையைக் குனிந்து தோளில் தூக்கினார். கொள்முதல் பிரிவில் வேலை பார்த்தவர். வாழ்நாளில் மூட்டைகளைச் சரிபார்த்திருக்கிறாரே தவிரத் தூக்கியதில்லை. முதுகு விண்ணென்றது. வெளிப்பக்கப் படிக்கட்டில், மழையில், ஒவ்வொரு படியாக ஏறினார்.

எதிர்வீட்டில் முடி வெட்டுகிறவர் கடையில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். கத்தரி நின்றது. பாதி வெட்டிய தலையோடு ஒருவர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"மழை ஆபீஸ் அம்மாதானே அது?"

"அவங்களேதான். மூட்டை தூக்குறாங்க."

"அதுவும் மேலே."

முடி வெட்டுகிறவர் தன் சுழல் நாற்காலியைக் கழற்ற ஆரம்பித்தார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு கட்டில் புறப்பட்டது. அதைப் பார்த்து அடுத்த வீட்டில் அலமாரி. சிறிது நேரத்தில் தெரு முழுவதும் பீரோவும் பாத்திரமும் குழந்தைகளும் கோழிகளும் மாடிப்படிகளில் ஏறிக்கொண்டிருந்தன. மாடி இல்லாதவர்கள் மாடி இருக்கிறவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பல வருஷம் பேசாமல் இருந்த இரண்டு குடும்பங்கள் ஒரே கட்டிலின் இரண்டு முனைகளைப் பிடித்துத் தூக்கின. இதையெல்லாம் பார்த்த பிறகுதான் ரொட்டிக்காரருக்கு, இது அண்ணனும் அண்ணியும் போட்ட சண்டை இல்லை என்பது உறைத்தது. பிசைந்த மாவை அண்டாவோடு தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார்.

பொழுது சாய்வதற்குள் வாய்க்கால் கரை உடைந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஒரு உயிர் போகவில்லை; ஒரு கோழிகூடப் போகவில்லை. மாடிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்துகொண்டு, ரொட்டிக்காரர் வீட்டு ஸ்டவ்வில் சுட்டுத் தந்த ரொட்டியைச் சாப்பிட்டபடி ஜனங்கள் கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார்கள். அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டிருந்தது. தங்கை தைலம் தேய்த்துவிட்டாள். "அப்போ அத்தானோட சண்டை இல்லையா?" என்று கடைசியாக ஒருமுறை கேட்டாள். குரலில் லேசான ஏமாற்றம் இருந்தது.

ரகசியம் வெளியானது பற்றி விசாரணை வைக்காமல் இருக்க முடியுமா? இயக்குநர் திரும்பி வந்ததும் விசாரணை அதிகாரி ஒருவர் மேலிடத்திலிருந்து வரவழைக்கப்பட்டார். அலுவலகத்தின் தரைத்தளத்தில் கணுக்கால் அளவுக்கு இன்னும் தண்ணீர் நின்றது. எல்லோரும் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெள்ளம் புகுந்து மீன்தொட்டி நிரம்பி வழிந்ததில் வெளியே வந்திருந்த மீன்கள் மேசைக்கடியில் திரிந்துகொண்டிருந்தன. அவை இன்னும் கண்காணிப்பில் இருப்பதாகவே கருதப்பட்டது.

"நீங்கள் வாய்க்கால் தெருவில் என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

"ஒண்ணும் சொல்லலை சார். மூட்டை தூக்கினேன்."

"எதற்காக?"

"அதைச் சொன்னா ரகசியம் வெளியாயிடும் சார்."

விசாரணை அதிகாரி இதை எழுதப் போய், பாதியில் நிறுத்தினார். ரகசியத்தை வெளியிட்டார் என்று குற்றம் சாட்ட வேண்டுமானால், என்ன ரகசியம் என்று குறிப்பிட வேண்டும். மழை பெய்தது என்பதுதான் அது என்று எழுதினால், எழுதியவரே அதை வெளியிட்டவராவார். மழை பெய்யவில்லை என்று எழுதினால் வெளியிட ஒன்றுமில்லை. அவர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் துணை இயக்குநரைப் பார்த்தார். துணை இயக்குநர் தன் காலடியில் போன மீனைப் பார்த்தார்.

கடைசியில் தீர்ப்பு எழுதப்பட்டது. எழுதி, அரக்கு முத்திரை வைத்து, பாதுகாப்பு சார்ந்த ஆவணம் என்ற வகையில் பத்திரப்படுத்தப்பட்டது. அதில் என்ன இருக்கிறது என்பதை அம்மாவுக்குச் சொல்ல விதியில் இடமில்லை. விடுதலையா, வேலை நீக்கமா என்று தெரியாமலே அவர் மறுநாள் அலுவலகத்துக்கு வந்தார். வராதே என்று சொல்லவும் யாருக்கும் அதிகாரமில்லை. அவர் பாட்டுக்கு உட்கார்ந்து வேலையைப் பார்த்தார். அப்படியே நாள் ஓடியது.

வெள்ளத்துக்குப் பிறகு விதிகள் மறுபடியும் மாறின. எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்பது இப்போதைய நாகரிகம். எதிலும் முதல் ஆளான இயக்குநர், ஊரின் முக்குக்கு முக்கு ஒலிபெருக்கி கட்டி, மழை எவ்வளவு, வெயில் எவ்வளவு, நாளைக்கு எப்படி என்று தினமும் கூவ வைத்தார். அவ்வளவும் சரியான கணக்கு. ஆனால் ஊரில் ஒருவரும் அதைக் காதில் வாங்கவில்லை. இப்படித் தெருவில் கூவுகிற விஷயத்தில் என்ன முக்கியம் இருந்துவிடப்போகிறது? உள்விஷயம் தெரிந்தவர் ஊரில் ஒரே ஒருவர்தான் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் வாயால் சொல்ல மாட்டார். செய்கையைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே ஊர் கண்காணிப்பாளர் அம்மாவைப் பார்க்கத் தொடங்கியது. அவர் மாடியில் துணி காயப்போட்டால் ஊரே துணி காயப்போடும். அவர் ஜன்னலைச் சாத்தினால் கடைகள் எல்லாம் அடைக்கும். ஒரு நாள் அவருக்குச் சாதாரண ஜலதோஷம் வந்து காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலம் ஊரில் பஞ்சு கிடைக்கவில்லை. இதில் அவருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு வெட்கம் வந்தது. நாளடைவில், தெருவில் தும்மலாமா கூடாதா என்று யோசித்துவிட்டுத் தும்முகிற நிலைக்கு வந்துவிட்டார்.

வெயில் சுட்டெரித்த ஒரு விடுமுறை நாளில், அம்மா தங்கை வீட்டுக்குக் கிளம்பினார். பக்கத்துவீட்டுக் குழந்தை பிடித்து விளையாடக் கேட்டதே என்று கணவரின் பழைய குடையை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். வழியில் அதைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று எண்ணம். குழந்தை வீட்டில் இல்லை. குடையோடு வாய்க்கால் தெருவுக்குள் நுழைந்தார்.

தெருமுனையில் நின்றவர்கள் குடையைப் பார்த்தார்கள். அவ்வளவுதான். முடி வெட்டுகிறவர் சுழல் நாற்காலியில் கைவைத்தார். கட்டில்கள் கிளம்பின.

அம்மா நடுத்தெருவில் நின்று, தன் வாழ்நாளில் இல்லாத அளவுக்குச் சத்தமாக, "மழை வராது. நானே சொல்றேன். வராது" என்றார்.

கட்டிலைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் அர்த்தத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

"பாவம், என்ன நெருக்குதலோ" என்றார் ஒருவர். "அவங்க வாயாலேயே சொல்ல வச்சுட்டாங்க."

இன்னும் வேகமாக ஏறினார்கள். ஒலிபெருக்கி அந்தப் பக்கம், இன்று வானம் தெளிவாக இருக்கும் என்று கூவிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டு, ஏறாமல் இருந்த இரண்டு பேரும் ஏறிவிட்டார்கள்.

தெரு காலியானது. மாடிகள் தோறும் தலைகள். ஒருவர்கூட மேலே பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் கீழே நின்ற அம்மாவின்மேல் இருந்தன. தங்கை கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "அக்கா, நீயும் வந்துடு" என்று கெஞ்சினாள்.

அம்மா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். துளி மேகம் இல்லை. துறையில் இத்தனை காலம் இருந்தவருக்கு அது தெரியாதா? அப்புறம் மாடிகளைப் பார்த்தார். இத்தனை பேர், அதுவும் இவ்வளவு நிச்சயமாக.

தனக்குத்தான் யாரோ சொல்லாமல் விட்டுவிட்டார்களோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. குடையை விரித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார்.